பத்துக்குப் பூஜ்யம்

எட்டுப் பேரில் ஏழு பேர் எட்டும் ஒன்பதுமாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் பூஜ்யம். நான்காவது மாதமாக அதே பூஜ்யம்.

பெயர் எழுத வேண்டாம் என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்து, தேதி, தொழிலாளர் சங்க முத்திரை.

பயிற்சியாளர் தாளை எடுத்துக்கொண்டு சங்க அறைக்கே வந்துவிட்டார். மற்றத் தாள்கள் இருந்த கோப்போடு பின்னாலேயே ஜெனரல் மேனேஜரின் ஸ்டெனோவும் வந்தாள்.

சங்கச் செயலாளர் நாற்காலிகளிலிருந்து துண்டறிக்கைக் கட்டுகளை இறக்கினார்.

“உக்காருங்க வாத்தியாரே. தங்கச்சி, நீயும் உக்காரு.”

“பேர் போட வேண்டாம்னு சொல்லியிருந்தோமே சார்” என்றார் பயிற்சியாளர்.

“மொட்டைக் கடுதாசி போட்டுப் பழக்கமில்ல.”

கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலை அது. இருப்பது ஒரே உலை. தொழிலாளிகள் கணக்கில் இரண்டு. இரண்டாவது உலை, மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த ஜெனரல் மேனேஜர். அவர் எதிரில் யாரும் ஒரு வாக்கியத்தைப் பேசி முடித்ததில்லை. பாதியில் வெட்டுவார். மீதியைப் பறந்து வரும் கோப்பு முடித்துவைக்கும்.

ஆள் கெட்டிக்காரர். புட்டி உடைசல் பாதியாகக் குறைந்தது அவரால்தான். அவரை இயக்குநராக மேலே அழைத்துக்கொள்ளத் தலைமை அலுவலகத்துக்கு ஆசை. அந்த வாயையும் சேர்த்து அழைக்க வேண்டுமே என்று பயம். அதனால் நல்லபடி நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. கூட வேலை பார்க்கும் எட்டுப் பேர் மாதாமாதம் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். எட்டுப் பேரும் ஆறுக்குக் குறையாமல் போட்டால் பதவி உயர்வு.

ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு வாத்தியார் வந்திருக்கிறார் என்று தெரிந்த அன்று உலைக்கூடமே சிரித்தது. ‘பிரம்பு கொண்டாந்திருக்காரா?’ என்று விசாரித்தவர் செயலாளர்தான்.

“மனசாட்சியோட சொல்லுங்க சார். அவர் மாறவே இல்லையா?” என்றார் பயிற்சியாளர்.

“இல்லைன்னு நான் சொன்னேனா?”

“பூஜ்யம்னா வேற என்ன அர்த்தம்?”

ஸ்டெனோவுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, ஆறு வருஷமா அவர்கிட்ட இருக்கேன். அழாம வீட்டுக்குப் போன நாளை விரல் விட்டு எண்ணிடலாம். நானே ஒன்பது போட்டிருக்கேன். நேத்து டைப் பண்ணும்போது ஒரு பக்கத்தையே விட்டுட்டேன். ‘பரவாயில்லம்மா, நானும்தான் கவனிக்கல’ங்கறார். எனக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.”

“கேள்விப்பட்டேன்.”

“உலைக்கூடத்துக்குக் குடிதண்ணி மெஷின் வேணும்னு பதினோரு வருஷமா மனு குடுத்தீங்க. மூணு தடவை வாசல்ல மறியல் பண்ணுனீங்க. இந்தத் தடவை அவர் மனுவைக் கடைசி வரி வரைக்கும் கேட்டார். மறுவாரமே மெஷின் வந்துச்சு. இல்லைங்கறீங்களா?”

“கேட்டாரும்மா. அதுல கடைசி வரி என்னன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“அப்ப உங்களால ஆகாததை இந்த வாத்தியார் நாலு மாசத்துல செஞ்சுட்டாரேன்னு வயித்தெரிச்சல். அதானே?”

“இருந்துச்சு” என்று ஒப்புக்கொண்டார் செயலாளர். “முதல் மாசப் பூஜ்யம் நிஜம். ரெண்டாவது மாசப் பூஜ்யம் வயித்தெரிச்சல்.”

பயிற்சியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குள்ள நான் இதை அனுப்பியாகணும் சார். இந்த மாசமும் தவறினா அந்தப் பதவியை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. அவரே நேத்து என்கிட்ட, ‘சங்கத்துக்காரருக்கு நான் இன்னும் என்ன செய்யணும்?’னு கேட்டார். கோபத்துல கேக்கல. தெரிஞ்சுக்கணும்னு கேட்டார்.”

செயலாளர் கொஞ்ச நேரம் மைப்பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“பத்தே போடலாம் அவருக்கு” என்றார்.

“அப்பப் போடுங்க சார். வேற தாள் தரேன்.”

“போட்டா மேல போயிடுவாரு. அந்த நாற்காலிக்கு யாரு வருவாங்க?”

“துணை மேனேஜர்தான் வருவார்னு பேச்சு.”

“அவரு போன மாசம் உலைக்கூடத்தைச் சுத்திப் பாக்க வந்தாரு. கையைச் சுட்டுக்கிட்டு உக்காந்திருந்த பொண்ணைப் பார்த்து, ‘ஏய், எந்திரி’ன்னாரு. அவருக்கு எத்தனை மாசம் பாடம் எடுப்பீங்க வாத்தியாரே?”

பயிற்சியாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அவருக்கு ஏற்பாடு எதுவும் இல்ல சார். இயக்குநர் ஆகப்போறவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பயிற்சி.”

“அப்படிச் சொல்லுங்க. மேல இருக்கறவங்களோட பழகறதுக்குத்தான் மரியாதை வேணும்.”

செயலாளர் பூஜ்யத் தாளை அவர் பக்கமாகத் தள்ளினார்.

“இங்க நாங்க உருவாக்கறதை எல்லாம் மேலதான் அனுப்பிக்கிட்டு இருக்கோம். இந்த ஒருத்தரையாவது நாங்களே வச்சுக்கறோம்.”

நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன் என்பதுபோலப் பயிற்சியாளர் ஸ்டெனோ பக்கம் திரும்பினார்.

அவள் கோப்பைப் பிரித்துத் தன்னுடைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஒரு பேனா குடுங்க. ஒன்பதுன்னு அவசரப்பட்டுப் போட்டுட்டேன்.”