பிறந்தநாள் கேக்

ஆட்களை அரவணைப்பதுதான் வேலை என்று நம்பி மனிதவளம் படித்தவள் சுபாஷிணி. சேர்ந்த நாள்முதல், மேலாளர் ரெஜினா சொல்லும் ஆளைக் கண்ணாடி அறைக்கு அழைத்துவருவதுதான் அவள் வேலை. உள்ளே போனவர்கள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இன்று அலுவலகத்தின் மூத்த ஊழியர் தணிகாசலத்துக்குப் பிறந்தநாள். ஆசையாகக் கேக்கோடு போனாள். அவள் நடந்த வழியெல்லாம் தட்டச்சுச் சத்தம் நின்றது. தணிகாசலம் கேக்கைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினார்.

“சொல்ல வேணாம்மா, புரியுது.”

“ஐயோ சார், இன்னிக்கு உங்க பொறந்தநாள்...” என்று அவள் பின்னாலேயே ஓடுவதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

அட்டையைக் கையில் வாங்கிய ரெஜினா சிரித்தார். “கூப்பிடாமலே போயிட்டாரா? அந்தக் கேக்க எடுத்துட்டு அடுத்த சீட்டுக்கும் போயிட்டு வாம்மா.”