இடது காதின் சேதி

மார்ச் மாதத்துக் காலை வெயில் ராலித்சாவின் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடிக்கு அப்பால், சத்தம் புகாத அறையில், தாய் நெவெனாவின் மடியில் மூன்று மாதக் குழந்தை யானா தூங்குகிறாள். அவளது வலது காதில் சின்னஞ்சிறு மைக், இடது காதில் ஒலி கொடுக்கும் குழாய். காது கேட்பதோடு நிற்பதில்லை, தானும் மெல்ல ஒலிக்கிறது. அந்த ஒலிதான் ராலித்சாவின் திரையில் பச்சைக் கோடாக ஓடுகிறது. இடது காதில் இரைச்சல் கொடுத்து, அது மூளை வரை போய்ச் சேர்ந்தால், வலது காது தன் ஒலியைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளும். பிறந்தவுடன் வந்த மஞ்சள் காமாலைக்குப் பிறகு யானாவின் இடது காதுச் சேதி உள்ளே போகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. கோடு திடீரென்று துள்ளுகிறது. குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய மார்ச் கயிறு; நல்லது நடக்க வேண்டி மார்ச் முதல் நாள் கட்டி, வசந்தத்தின் முதல் நாரையைக் கண்ட பிறகே கழற்றுவது அந்த ஊர் வழக்கம். அதில் கோத்த பாசிமணி வயரில் உரசுகிறது. ராலித்சா ஒலிபெருக்கியில் பேசுகிறாள்.

"அதைக் கழட்டிடும்மா."

"வசந்தத்து நாரையைப் பாக்காம யாராவது கழட்டுவாங்களா டாக்டர்? உங்க கையிலயே இருக்கே!"

ராலித்சா சிரித்துக்கொண்டே தன் கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளுகிறாள். நெவெனா பாசிமணியை உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறாள். ராலித்சா இரைச்சலுக்கான குமிழைத் திருப்புகிறாள். இடது காதுக்குள் மட்டும் மழை போல ஓர் இரைச்சல். பச்சைக் கோடு மயிரிழை அளவு தாழ்கிறது. நிறுத்தினால் ஏறுகிறது. மறுபடி கொடுத்தால் மறுபடி தாழ்கிறது. மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து, ராலித்சா மூன்றாம் முறையும் குமிழைத் திருப்பிப் பார்க்கிறாள்.

"என்ன டாக்டர், ஏதாவது தெரியுதா?"

"நாரையைப் பாத்துட்டேன் நெவெனா. இப்பக் கழட்டலாம்."