துரோகி ரத்தம்

தணிகாசலமும் நானும் ஒரே சாரத்தில் நின்று கல் கட்டுகிறவர்கள். ஜனாதிபதி தேர்தலில் யாரை ஆதரிப்பது என்று எங்கள் கட்சி இரண்டாக உடைந்தபோது அவன் அந்தப் பக்கம் போனான். அங்கே மாநாட்டில் எல்லோரும் கையைத் தூக்கி, "துரோகிகளின் ரத்தம்கூட எங்களுக்கு வேண்டாம்" என்று உறுதி எடுத்தார்கள். கட்சி ஒவ்வொருவர் கையிலும் கட்டிவிட்டிருந்த மணிக்கட்டுப் பட்டை அதை அப்படியே பதிவுசெய்துகொண்டது.

நேற்று சாரம் சரிந்து அவன் விழுந்தான். என் ரத்தம் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் அவன் பட்டையைப் படித்த ஆஸ்பத்திரி இயந்திரம் அதை ஏற்க மறுத்தது.

"அவரே வேணாம்னு சொல்லியிருக்காரு. அவரு கட்சி மாவட்டச் செயலாளர் வந்து இதுல விரல் வச்சாத்தான் மாத்த முடியும்" என்றார் நர்ஸ்.

"பிரியாணிக்குக் கைதூக்குன ஆளும்மா இது!" என்று கத்தினாள் அவன் மனைவி அமுலு. "அண்ணா, அந்தச் செயலாளரைக் கூப்பிடுண்ணா!"

கூப்பிட்டேன். கேமராக்காரர்களோடு வந்தார். விரல் வைக்கச் சொல்லி அமுலு அவர் காலில் விழுந்தாள்.

"ஒருத்தனுக்கு வச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பான். தேர்தல் முடியட்டும்மா" என்றார். பிறகு கட்சிக்கொடியை விரித்து அவன்மேல் போர்த்தினார். "தியாகி தணிகாசலத்துக்கு வீர..."

"மூச்சு இருக்குடா, பாவி!"

அமுலு கொடியை உருவி அவர் வாயில் திணித்தாள். நான் அவர் கையைப் பிடித்து இயந்திரத்துக்கு இழுத்துப் போனேன்.