கொழும்பு பார்த்தவர்

“காலிமுகத் திடல்ல காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டாள் பகவதியம்மாள்.

சுயம்புலிங்கம் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கீழே வைத்தார். “கடல் பக்கத்துலேருந்துதான். வேற எங்கேருந்து அடிக்கும்?”

பகவதியம்மாள் திருப்தியாகத் தலையாட்டினாள். கடைப் பெஞ்சில் அவளுக்கு ஒரு பக்கம் புருஷன் தாணப்பன், மறுபக்கம் மகள் அழகியநாயகி. அடுத்த வாரம் மூன்று பேரும் கொழும்பு சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்த நாளில் எங்கே போவது, என்ன பார்ப்பது என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தார்கள்.

பூதப்பாண்டி வட்டாரத்தில் இந்த யோசனை கேட்க ‘கொழும்பு ஸ்டோர்’ சுயம்புலிங்கத்தை விட்டால் வேறு யார்? பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தவர். கொழும்பு மாப்பிள்ளை என்றுதான் தாணம்மாளையே அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்த சோப்புப் பெட்டியைத் தாணம்மாள் இன்றைக்கும் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம், சுயம்புலிங்கம் கடல் தாண்டியதே கிடையாது. அத்தனை வருஷமும் அவர் தூத்துக்குடியில், ஒரு கருப்பட்டிக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்குப் பார்த்தார். கொழும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கப்பலை விட்டு இறங்கியவர்கள் சொல்லக் கேட்டதுதான். சோப்பும் அவர்களிடம் வாங்கியதுதான்.

இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் குட்டு உடைந்துவிடும். ஊர் சிரித்தால்கூடப் போகிறது, தாணம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? எப்படியாவது பயணத்தையே நிறுத்தப் பார்த்தார்.

“இப்பம் எதுக்குக் கொழும்பு, பகவதி? கப்பல்ல ஏறுனா கொடலு வெளிய வந்துரும், கேட்டியா?”

“ஆமா, அது வேணும்லா!” என்று பகவதியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “கப்பல்ல நீங்க வாந்தி எடுக்கிய.”

“எடுக்கேன்” என்றார் தாணப்பன்.

இவ்வளவு அடக்கமான புருஷனைச் சுயம்புலிங்கம் அதுவரை பார்த்ததில்லை. வேறு வழி தெரியாமல் மேலே சொல்லிக்கொண்டு போனார்.

“மொத நாளு காலையில கதிரேசன் கோயில். சாயங்காலம் காலிமுகத் திடல். மறுநாளு தெகிவளையில மிருகக்காட்சி சாலை. அங்க யானை ஆடும்.”

“எத்தன யானை அண்ணாச்சி?”

சுயம்புலிங்கம் தராசுத் தட்டைத் துடைத்தார். “போற அன்னைக்கு எத்தன நிக்கோ, அத்தன.”

“அது ஏடாகூடமாப் போவும். ஏட்டி அழகி, யானை பாக்கற அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல்.”

“சரிம்மா” என்றாள் அழகியநாயகி.

“வேணும்னா எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக்கிடுங்க” என்றார் சுயம்புலிங்கம்.

“எழுதண்டாம். மனசுல இருக்கணும். சொல்லுட்டி, பாப்போம்.”

அழகியநாயகி ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். கடலிலிருந்து அடிக்கிற காற்றையும் விடவில்லை. தன் பொய் இன்னொருத்தி வாயிலிருந்து இத்தனை அழகாக வருவதைக் கேட்கச் சுயம்புலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. பழியை வேறு யார் தலையிலாவது இறக்கிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

“ஒண்ணு செய்யுங்க. வடசேரியில செல்வதாஸ் இருக்காருல்லா? போன வருசந்தான் கொழும்புக் கடைய ஒழிச்சிட்டு வந்தாரு. அவருட்ட கேட்டா எல்லாம் புதுசாச் சொல்லுவாரு. எனக்குத் தெரிஞ்சது பழசு.”

“அவரு எதுக்கு? எங்களுக்கு நீங்கதான் வேணும்.”

சுயம்புலிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. இப்படி நம்பி வந்தவர்களை அந்நிய தேசத்தில் திண்டாட விடுவதா? கடைக்குப் பின்னால் தாணம்மாள் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டது. அவள் காதில் விழாதபடி குனிந்துகொண்டார்.

“பகவதி, ஒரு காரியம் சொல்லணும். நான் சொன்ன மாதிரி அங்க ஒண்ணும் இல்லேன்னா…”

“இல்லேன்னா நமக்கென்ன? நாங்க கொழும்புக்குப் போவல்ல” என்றாள் பகவதியம்மாள், அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. “விசா கிட்டல்ல. இவரு அதுக்குள்ள அழகிக்குப் பாத்திருக்க மாப்பிள்ள வீட்டுல, கொழும்புக்குப் போறோம்னு பெருமை அடிச்சிட்டாரு. இப்பம் போவல்லன்னா எல்லாம் புளுகுன்னு சம்பந்தத்தையே விட்டுருவாங்க. பேச்சிப்பாறையில எங்க அக்கா வீட்டுல இருந்துட்டு வந்துருவோம்.”

தாணப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

சுயம்புலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கொஞ்சம் மிடுக்கும் வந்தது.

“நல்ல கூத்து! பொய் சொல்லதுன்னா சாதாரணமா? மாப்பிள்ள வீட்டுல துருவித் துருவிக் கேப்பாங்க. அப்பம் அதுக்கும் செல்வதாஸ்தான் சரி. நேத்து வரை அங்க இருந்த மனுசன். அவர விட்டுட்டு எதுக்கு எங்கிட்ட வந்திய?”

பகவதியம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். புடைக்கிற சத்தம் நிற்கவில்லைதானே என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“எங்க பெரியப்பா தூத்துக்குடியில நீங்க கணக்குப் பாத்த கருப்பட்டிக் கிட்டங்கிக்குத்தான் வண்டி அடிச்சாரு” என்றாள் மெதுவாக. “செல்வதாஸுக்குப் பாத்ததச் சொல்லத்தான் தெரியும். பாக்காமச் சொல்ல நீங்கதானே அண்ணாச்சி!”