சீமாட்டி வேஷம்

“அந்தக் கண்ணாடியில அப்படி என்னதான் தெரியுது?”

கல்யாணமான மறுநாள் காலை வேலாயுதம் கேட்ட கேள்வி. அன்றைக்கு மூடிய பவுடர் டப்பாவைக் கமலா இன்றுதான் திறந்தாள், அவர் முகத்துக்குப் பூச.

ஃபேரர் பார்க் தமிழ்ச் சங்கக் கூடத்தில் ஆண்டு விழா. கண்ணாடியே கதியென்று கிடக்கும் சீமாட்டிகளை அந்தக் காலத்து இங்கிலீஷ் கவிஞர்கள் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் அதைப் பாடம் நடத்துகிற வேலாயுதம், தமிழில் நாடகமாக்கியிருந்தார். நடிக்கப் பெண்கள் யாரும் வரவில்லை. சீமாட்டி அவரே; வேலைக்காரியாக, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி மாணிக்கம்.

சீமாட்டி கட்டியிருந்தது கமலாவின் கல்யாணப் பட்டு. அடுத்த வாரம் தன் தம்பி கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். “பட்டும் பவுடரும் மூளை இல்லாதவங்களுக்கு” என்பார். நாடகம் நல்லபடி முடிந்தால் மனசு இளகும், அப்போது கேட்கலாம் என்று காத்திருந்தாள்.

“கன்னத்துல இன்னும் கொஞ்சம் சிவப்பு வை. யோவ் மாணிக்கம், வேலைக்காரிக்கு எதுக்குய்யா பூ? எடு.”

“இருந்துட்டுப் போவட்டும் லா, சார்.”

“எடுங்கறேன்ல!”

திரை விலகியதும் கூடம் குலுங்கியது. சீமாட்டி முகம் சுளித்தபோதெல்லாம் சிரிப்பு. வேலைக்காரி தட்டு ஏந்தி வந்தபோது பின்வரிசையில் விசில். சங்கத் தலைவர் மேடையேறி, “பொம்பளைங்க பாடம் கத்துக்கணும்” என்று வேலாயுதத்துக்கு மாலை போட்டார்.

உள்ளே வந்தவர் மாலையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கமலா அருகே போனாள்.

“என்னங்க, யாராச்சும் கோவிச்சுக்கிட்டாங்களா?”

“இல்ல.”

“வசனம் விட்டுப்போச்சா?”

வேலாயுதம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியது.

“உண்மையைச் சொல்லு கமலா. மாணிக்கம் என்னைவிடவா அழகு?”

ஒரு சின்னப் பொய் போதும், சேலை அவளுக்கு. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“மாணிக்கம் அண்ணன்தாங்க” என்றாள் கமலா.

வேலாயுதம் எழுந்தார். வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் கொசுவம் நனையாமல் ஒரு கையால் நாசூக்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டுச் சேலையோடு தெருவில் இறங்கி நடந்தார்.