ஒன்பது நாள் பிள்ளை

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காம் மாடியில், சமையலறை மேசையில் விழும் பனிக்கால வெயில் கடிதத்தின் மடிப்புகளைக் காட்டுகிறது. நாங்கள் அகதிகளாக இருந்த ஜெர்மன் கிராமத்திலிருந்து வந்த கடிதம். எங்கள் முதல் மகனை அங்கேதான் புதைத்தோம். மகள் தேனுகா கைபேசியால் மொழிபெயர்த்து வாசிக்கிறாள். நிலக்கரி தோண்டுவதற்காக எண்ணூறு வருடப் பழைய அந்த ஊரையே அகற்றுகிறார்கள். தேவாலயம் இடிபட்டுவிட்டது. கல்லறைகள் புது ஊருக்குப் போகின்றன. ஊரின் வரலாற்றுப் புத்தகத்தில், அங்கே புதைக்கப்பட்ட எல்லோருடைய பெயரும் வருமாம்; சரிபார்த்து நிரப்பி அனுப்பச் சொல்லிப் பெயர்ப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள்.

"அண்ணாவின்ர பேர் மட்டும் உதில இல்லை, அப்பா."

"ஒன்பதாம் நாள் போயிட்டான். முப்பத்தொராம் நாளிலதானே பிள்ளை, பேர் வைக்கிறது."

"அப்ப பேபி எண்டே போடட்டா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி கோணேஸ்வரி குழாயை மூடுகிறாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து, மகளிடமிருந்து பேனையை வாங்குகிறாள். பட்டியலின் வெற்றுக் கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக 'யசிந்தன்' என்று எழுதுகிறாள். முப்பத்தெட்டு வருடங்களில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

"எப்ப வைச்சனீர்?" என்கிறேன்.

"வயித்தில இருக்கேக்கையே," என்கிறாள், கடிதத்திலிருந்து தலையை எடுக்காமல். "முப்பத்தொண்டு வரட்டும், உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."