முதல்ல அவன் வெளியில வரட்டும்

"முதல்ல அவன் வெளியில வரட்டும், நான் வர்றேன்" என்றார் மாடியில் நின்ற அண்ணன்.

"அந்த ஆள் முதல்ல இறங்கட்டும், அப்புறம் நான் கிளம்பறேன்" என்றார் கீழ் வீட்டு வாசலில் நின்ற தம்பி.

இரண்டுக்கும் நடுவில், படிக்கட்டில் நின்ற கணக்கு டீச்சருக்குத் தலை கிறுகிறுத்தது.

கணக்கெடுப்பு என்றால் டீச்சர், தேர்தல் என்றால் டீச்சர், இப்போது புயல் என்றாலும் டீச்சர். கடலோரத் தெரு மொத்தத்தையும் சாயங்காலத்துக்குள் காலி செய்து, மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். நாற்பத்தோரு பேரைப் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. பாக்கி இந்த இரண்டு உருப்படிகள்தான்.

அண்ணனுக்கு அறுபது தாண்டியாயிற்று. தம்பி இரண்டு வயது இளையவர். அப்பா விட்டுப்போன ஒரே வீட்டில் ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இவர்களுடைய மனைவிமார்கள் இருக்கிறார்களே, அவர்கள் காலையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க பேச்சைக் கேட்கிற ஜென்மங்களா இருந்தா கேஸ் எதுக்கு நடக்குது?" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள்.

எதிர் வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"ஏன் சார், உயிரைவிட வீடா பெரிசு?" என்று டீச்சர் மேலே பார்த்துக் கேட்டார்.

"நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள அவன் மாடிக்குப் பூட்டுப் போட்டுடுவான், டீச்சர். உங்களுக்கு அவனைப் பத்தித் தெரியாது."

"அந்த ஆள் மட்டும் லேசுப்பட்டவரா?" என்றார் தம்பி. "நான் போய்த் திரும்பி வந்தா என் கட்டில் பீரோவெல்லாம் நடுத்தெருவுல கிடக்கும். கேட்டுச் சொல்லுங்க, இல்லேன்னு சொல்லட்டும்."

"சரி, சண்டை வேண்டாம். ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. நான் மூணு வரைக்கும் எண்ணறேன்."

எண்ணினார். மூன்று என்றதும் அண்ணன் ஒரு படி இறங்கினார். தம்பி ஒரு காலை வெளியில் வைத்தார், இன்னொரு கால் உள்ளேயே இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் முறைத்தார்கள். அவரவர் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள்.

"என் ஆறாங்கிளாஸ் பசங்களே தேவலை!" என்று டீச்சர் வாய்விட்டே சொன்னார். கைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்தார்.

"வராட்டிப் போங்க. வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்க கையில, அழியாத மையால பேரும், பாடி கிடைச்சா யாருக்குச் சொல்லணுமோ அவங்க நம்பரும் எழுத வைக்கணும்னு உத்தரவு. எழுதுங்க. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

'பாடி' என்றதும் இரண்டு பேர் முகமும் சுருங்கிப்போயிற்று. ஆனால் வீம்பு விடுமா? அண்ணன் பாதிப் படி இறங்கி வந்து, பேனாவை வாங்கி இடது கையில் விறுவிறுவென்று எழுதினார். அடுத்து தம்பி வாங்கினார். பரீட்சையில் பக்கத்துப் பையன் காப்பி அடித்துவிடுவான் என்கிற மாதிரி திரும்பி நின்று மறைத்துக்கொண்டு எழுதினார்.

எதையும் சரிபார்க்காமல் விட்டு டீச்சருக்குப் பழக்கமில்லை. அண்ணன் கையிலிருந்த நம்பரைத் தன் போனில் அடித்தார். பஸ்ஸில் இருக்கும் அவர் மனைவி எடுப்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார், மனுஷன் இறங்கிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

மணி அடித்தது தம்பியின் சட்டைப் பையில்.

தம்பி போனை எடுத்துப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். "இது போன மாசம் வாங்கின புது நம்பராச்சே! அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களை யாரு டீச்சர் இப்பவே அடிக்கச் சொன்னது? நான் செத்தப்புறம்தானே அடிக்கணும்!"

"நம்பர் எப்படி சார் கிடைச்சுது?"

"எங்க வீட்டுக்காரி போன்ல பார்த்து மனப்பாடம் பண்ணி வெச்சேன். பின்ன, பாடியை வாங்கிக்க அவளையா வரச் சொல்றது? தாங்குவாளா? கேஸ் வேற, இது வேற. அவன்னா வந்து நிப்பான். எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணிடுவான்."

டீச்சருக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தம்பியோ விரலில் எச்சிலைத் தொட்டுக்கொண்டு தன் கையை அரக்கப் பரக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். மை அசைவேனா என்றது.

"கையை நீட்டுங்க" என்றார் டீச்சர், வகுப்பில் கேட்கிற அதே குரலில். அறுபதை நெருங்குகிற மனுஷன் மறுபேச்சில்லாமல் நீட்டிவிட்டார்.

அதில் நம்பரே இல்லை. 'அண்ணனிடம் சொல்லவும். மாடி வீடு' என்று இருந்தது.

அண்ணன் மீதிப் படிகளையும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் தம்பியின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தார்.

"மடப்பயலே! புயல்ல மாடியே போயிட்டா என்னை எங்கடா வந்து தேடுவாங்க? ஏறுடா பஸ்ல!"